சாக்கோடு சேர்த்து ஏழு கிலோ!

"சார்... அந்தப் பெட்டியைக் கொஞ்சம் இதுமேல வைங்க!"

சொன்னது ஒரு சின்னப் பெண். சிரித்த முகம். சிரித்த முகத்தோடு யார் எதைச் சொன்னாலும் உடனே செய்துவிடுகிற ரகம் நான். வைத்தேன். சிவப்பு எண்கள் கொஞ்ச நேரம் தடுமாறிவிட்டு 9.4 என்று நின்றன.

"ரெண்டு கிலோ நானூறு கிராம் ஜாஸ்தி சார்!"

அதே சிரிப்பு. என் சிரிப்புதான் காணாமல் போய்விட்டது.

இடம், மதுரை விமான நிலையம். போக வேண்டிய ஊர், பெங்களூரு. விமானக் கம்பெனியின் பேர் வேண்டாம், நாளைக்கும் நான் அதில்தான் போகவேண்டும். நான் வாங்கியிருந்தது 'பெட்டி இல்லாத' டிக்கெட். அதாவது சரக்கு அறையில் போட எதுவும் கிடையாது, கையில் 7 கிலோ மட்டும், அதற்காக டிக்கெட்டில் முந்நூறு ரூபாய் குறைவு. அந்த முந்நூறு ரூபாய் மிச்சம் பிடித்த பெருமையை வீட்டில் மூன்று நாள் சொல்லிக் காட்டியிருந்தேன். இப்போது கூடுதல் எடைக்கு அவள் கேட்டது ஆயிரத்துச் சொச்சம்.

பின்னால் வரிசை நீளுகிறது. ஒருத்தர் 'உச்' கொட்டுகிறார். பெட்டியை அங்கேயே தரையில் போட்டுத் திறந்தேன். இந்தக் கெட்டிப் பெட்டிகள் இருக்கின்றனவே, புத்தகம் மாதிரி இரண்டாகப் பிளந்துதான் திறக்கும். என் பனியன், லுங்கி, துண்டு, ஒரு ஓட்டை சாக்ஸ் எல்லாம் விமான நிலையத்தின் பளிங்குத் தரையில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன.

ஒரு ஓரத்தில் அம்மா கட்டிக் கொடுத்த மூட்டை. ஒரு சம்படம் நிறைய முறுக்கு, கருப்பட்டி, இட்லிப் பொடி. மொத்தம் ஒன்றரை கிலோ.

லேப்டாப்பை எடுக்க முடியாது. கணக்கு ஃபைலை எடுக்க முடியாது. வேறு எதை எடுப்பது என்று நீங்களே சொல்லுங்கள்! எடுத்தேன். பக்கத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம், "பிள்ளைகளுக்குக் குடுங்க" என்று நீட்டினேன். "மகராசனா இருப்பா" என்றார். அப்படியும் தொள்ளாயிரம் கிராம் இடித்தது. இரண்டு சட்டையை, போட்டிருந்த சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டேன். சார்ஜர் ஒரு பேண்ட் பாக்கெட்டில், பவர் பேங்க் இன்னொன்றில். மே மாசம். விமானத்தில் பக்கத்து சீட்டுக்காரர், "குளிர் ஜுரமா சார்?" என்று அக்கறையாக விசாரித்துவிட்டு ஜன்னல் பக்கம் ஒதுங்கிக்கொண்டார்.

ராத்திரி அம்மா போன்.

"முறுக்கு தின்னியாப்பா?"

"தின்னேம்மா."

"கொஞ்சம் கருகிருச்சோன்னு ஒரு சந்தேகம்..."

"சேச்சே, நல்லா மொறுமொறுன்னு அருமையா இருந்துச்சு!"

பி.காம். படித்தவன் நான். பொய் வவுச்சர் போடுகிறவர்களைத் தேடித் தேடிப் பிடித்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அன்றைக்கு நானே ஒன்று போட்டேன்.

கொஞ்சம் என்னைப் பற்றி. ஊர் கோம்பை. தேனி மாவட்டம், உத்தமபாளையம் பக்கம், மேற்கு மலை அடிவாரம். நாய் பற்றித் தெரிந்தவர்களுக்கு ஊர்ப் பெயரே போதும், 'கோம்பை நாயா?' என்பார்கள். இளையராஜாவின் பண்ணைப்புரம் கூப்பிடு தூரம். சென்னையிலும் பெங்களூரிலும் இரண்டு மூன்று சின்னக் கம்பெனிகளுக்குக் கணக்கு சரிபார்த்துக் கொடுக்கிறேன். மிச்ச நேரத்தில் உங்களுக்கு இந்தப் பக்கம். கணக்கைக் கம்ப்யூட்டரில் அனுப்பினால் போதாதா என்று கேட்பீர்கள். போதும்தான். ஆனால் முதலாளிகளுக்கு, கணக்குப்பிள்ளை எதிரில் உட்கார்ந்து திருதிருவென்று முழித்தால்தான் ஐந்தொகை சரியாக இருக்கிற மாதிரி ஒரு திருப்தி. ஆகவே மாசத்துக்கு இரண்டு மூன்று முறை பறக்கிறேன். செலவு என் கையைச் சேர்ந்தது.

'பறக்கிறேன்' என்பதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விமானத்தில் ஒரு மணி நேரம் பறப்பதற்கு முன்னால் உத்தமபாளையம், சின்னமனூர், தேனி, ஆண்டிப்பட்டி, உசிலம்பட்டி என்று பஸ்ஸில் மூன்று மணி நேரத்துக்கு மேல் குலுங்கி, ஆரப்பாளையத்தில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்தாக வேண்டும். போடி ரயில் 2010 கடைசியில் அகலப் பாதைக்காக நின்று, 2023 ஜூனில்தான் மறுபடி போடி வரைக்கும் வந்தது. சென்னைக்கு அதில் வாரம் மூன்று நாள் ரயில் விட்டார்கள். நம் முதலாளிகள் கூப்பிடுவது எப்போதும் மிச்ச நாலு நாளில்!

அந்த 9.4 விவகாரம் முடிந்து ஊர் திரும்பியதும், ஏலக்காய் வியாபாரம் செய்கிற பால்ய சிநேகிதனிடம் புலம்பினேன். (பேர் போட்டால் கமிஷன் கேட்பான்.) முழுக்கக் கேட்டுவிட்டு அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"சாக்கு எடை எவ்வளவு மாப்ள?"

"எந்தச் சாக்கு?"

"உன் பெட்டிதான்யா!"

எங்கள் பக்கம் இது பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. மலை மேலேயிருந்து ஏலக்காய் மூட்டை இறங்கும். எடை போடுவார்கள். வாங்குகிறவர் சாக்கின் எடையைக் கழித்துக்கொண்டுதான் காசு கொடுப்பார். சாக்குக்கா விலை? உள்ளே இருக்கிற காய்க்குத்தானே! மொத்த எடை, சாக்கு எடை, நிகர எடை. முதல் வருஷ பி.காமில் எனக்கு இதையே இங்கிலீஷில் சொல்லிக்கொடுத்துப் பரீட்சையும் வைத்தார்கள். ஆனால் ஆறு மாசம் விமானத்தில் போய்வந்த பிறகும் எனக்கு உறைக்கவில்லை. விமானக் கம்பெனி மட்டும்தான் சாக்கு எடையைக் கழிக்காத வியாபாரி. 7 கிலோ என்றால் சாக்கோடு சேர்த்து 7 கிலோ.

பெட்டியைக் காலி செய்து அவன் கடைத் தராசில் ஏற்றினோம். 3 கிலோ 600 கிராம்!

சக்கரம், இழுக்கிற கம்பி, உள்ளே இரண்டு பக்கமும் லைனிங், பூட்டு, பூட்டுக்கு ஒரு அலங்காரம் எல்லாம் சேர்த்து. ஏழில் 3.6 என்றால் 51 சதவீதம். 51 சதவீதப் பங்கு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் கம்பெனிக்கு முதலாளி. ஆக, இத்தனை நாள் பெங்களூருக்குப் போய் வந்தது பெட்டி. நான் அதற்குத் துணைக்குப் போயிருக்கிறேன்!

அந்த 2,800 ரூபாய்ப் பெட்டியை எப்படி வாங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மதுரையில் ஒரு கடை. விற்பனைப் பையன் பெட்டியின் மேல் ஏறி நின்றான். குதித்தான். "யானை ஏறினாலும் ஒண்ணும் ஆகாது சார்!" கோம்பைக்கு மேலே காட்டில் யானை உண்டுதான். ஆனால் அது என்னைக்கும் என் பெட்டி மேல் ஏறுவதாகச் சொன்னதில்லை. நான் கலரைப் பார்த்தேன், சக்கரம் உருளுகிற அழகைப் பார்த்தேன், நம்பர் பூட்டைப் பார்த்தேன். எடை என்ன என்று கேட்கத் தோன்றவே இல்லை. பிறகு ஒரு தரம் வேண்டுமென்றே நாலு கடை ஏறி, "இது எத்தனை கிலோ?" என்று கேட்டுப் பார்த்தேன். மூன்று கடையில் கிடைத்த பதில், "லேசாத்தான் சார் இருக்கும், தூக்கிப் பாருங்க!" நாலாவது கடைக்காரர் மட்டும் உள்ளே ஒட்டியிருந்த சீட்டைத் திருப்பிக் காட்டினார். சீட்டில் எழுதியிருக்கிறது. யாரும் கேட்பதில்லை, ஆகவே யாரும் பார்ப்பதில்லை.

இந்த 7 கிலோ எங்கேயிருந்து வந்தது என்று கேட்கிறீர்களா? கேப்டன் கோபிநாத் 2003-ல் ஏர் டெக்கானை ஆரம்பித்தபோதுதான் நம்மைப் போன்ற ஆட்கள் விமானத்தை உள்ளே இருந்து பார்க்க முடிந்தது. (அவர் கர்நாடகத்துக்காரர். அவர் கதையைத் தழுவி 2020-ல் எடுத்த 'சூரரைப் போற்று'வில் ஹீரோவை நம் சோழவந்தான்காரர் ஆக்கிவிட்டார்கள். நமக்கும் ஒரு பெருமைதான்!) ஒரு ரூபாய்க்கு டிக்கெட் விற்றார். பஸ் மாதிரி சீட் நம்பர் கிடையாது, முதலில் ஏறுபவருக்கு ஜன்னல். கைக்குட்டை போட்டு சீட் பிடித்துப் பழகிய நம் ஜனங்களுக்கு அது ரொம்ப வசதி. 2005-ல் ஸ்பைஸ்ஜெட், 2006-ல் இண்டிகோ, 2022-ல் ஆகாசா என்று வரிசையாக வந்தார்கள். டிக்கெட் விலை குறைந்தால் வேறு எங்கேயாவது காசு பார்க்கவேண்டுமே? சாப்பாடு தனி, சீட் தனி, பெட்டி தனி.

அவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. மதுரைக்கு வரும் இண்டிகோ விமானங்களில் ஏடிஆர் என்று ஒரு ரகம் உண்டு. இறக்கை மேலே இருக்கும், இரண்டு பக்கமும் காற்றாடி சுற்றும். 78 சீட். ஆளுக்கு 7 கிலோ என்றால் கைப்பைகள் மட்டும் 546 கிலோ. ஆளுக்கு இரண்டு கிலோ 'சும்மா' கூட்டினால் இன்னும் 156 கிலோ. நல்ல தாட்டியான இரண்டு ஆட்களை டிக்கெட் இல்லாமல் ஏற்றின மாதிரி. அதோடு அந்த விமானத்தின் மேல் அலமாரி சின்னது. பெரிய விமானத்தில் சமர்த்தாக உட்காருகிற பெட்டி இதில் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும். மூடியை அமுக்கி, குத்தி, கடைசியில் பணிப்பெண் வந்து அதைக் கீழே சரக்கு அறைக்கு அனுப்புவார். பிறகு இறங்கின இடத்தில் பெல்ட் முன்னால் இருபது நிமிஷம் தவம். எந்த அவசரத்துக்காகக் கைப்பெட்டி வாங்கினோமோ, அது அங்கே போயிற்று.

எடைக்கு அடுத்தது அளவு. இண்டிகோ சொல்வது 55, 35, 25 சென்டிமீட்டர். இதில் ஒரு சூட்சுமம். கடையில் '20 இன்ச்' என்பார்கள். இருபது இன்ச் என்றால் 51 சென்டிமீட்டர்தானே, தாராளம் என்று நினைப்போம். ஆனால் சில கம்பெனிகள் சக்கரத்தைச் சேர்க்காமல் அளவு சொல்கின்றன. விமானக்காரன் சக்கரம், கைப்பிடி எல்லாம் சேர்த்துத்தான் அளப்பான். இங்கேயும் சாக்குக் கழிவு கிடையாது! '22 இன்ச்' வாங்கினால் கேட்கவே வேண்டாம், 55-ஐத் தாண்டியாயிற்று. கடைக்குப் போகும்போது தையற்காரரிடமிருந்து ஒரு இன்ச் டேப்பும், நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கிற கொக்கித் தராசு ஒன்றும் கொண்டுபோங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டுமே, பணம் உங்களுடையதுதானே!

சரி, சக்கரம் வேண்டுமா வேண்டாமா?

மனுஷன் 1969-ல் நிலாவில் கால் வைத்துவிட்டான். பெட்டிக்குச் சக்கரம் வைக்கலாம் என்று அமெரிக்காவில் பெர்னார்ட் சாடோ என்பவருக்குத் தோன்றியது அதற்குப் பிறகுதான்; காப்புரிமை கிடைத்தது 1972-ல். அதற்கும் பதினைந்து வருஷம் கழித்து, ராபர்ட் பிளாத் என்ற விமானி பெட்டியை நிமிர்த்தி நிறுத்தி, இரண்டு சக்கரமும் ஒரு நீளக் கைப்பிடியும் வைத்தார். இன்றைக்கு நாம் இழுத்துக்கொண்டு ஓடுவது அவர் புண்ணியம். நல்ல யோசனைதான். ஆனால் அவர் வழவழவென்ற விமான நிலையத் தரையை மனசில் வைத்துச் செய்திருக்கிறார். கோம்பைத் தெருவில் அவர் நடந்து பார்த்திருந்தால் யோசித்திருப்பார். என் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் இரண்டு வேகத்தடை, ஒரு சாக்கடைப் பாலம், மாடு இருந்ததற்கான அடையாளங்கள் பல. பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டுதான் போகிறேன். சக்கரத்தையும் சேர்த்துத் தூக்குகிறேன்!

நாலு சக்கரப் பெட்டி இன்னும் விசேஷம். ஆண்டிப்பட்டி கணவாய் இறக்கத்தில் பஸ் திரும்பியபோது, பின் சீட் பக்கம் நின்றுகொண்டிருந்த என் பெட்டி தானாகப் புறப்பட்டது. நடுவழியில் மெதுவாக, கம்பீரமாக, மாப்பிள்ளை அழைப்பு மாதிரி உருண்டு போய் டிரைவர் பக்கத்தில் நின்றது. கண்டக்டர் திரும்பி, "இது யாரு சாமான்? இதுக்கு டிக்கெட் எடுத்தாச்சா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. இரண்டு சக்கரப் பெட்டி இப்படிப் பரதேசம் போகாது. நிறுத்தினால் நிற்கும். சக்கரமும் பாதி உள்ளே அடங்கியிருப்பதால் சாமான் வைக்க இடம் கொஞ்சம் கூட.

கெட்டிப் பெட்டியா, துணிப் பெட்டியா என்று இன்னொரு சண்டை. கெட்டியில் பாலிகார்பனேட் என்கிறது வளையும், உடையாது, விலை கூட. மலிவான ஏபிஎஸ் கீழே விழுந்தால் மூலையில் கீறல் விடும். ஆனால் என்னைக் கேட்டால், கையில் கொண்டுபோகிற பெட்டிக்குக் கெட்டி எதற்கு? அதைத் தூக்கிப் போடப் போவது நாம் மட்டும்தானே. துணிப் பெட்டிக்கு முன்பக்கம் ஒரு பை இருக்கும். சோதனையில் 'லேப்டாப்பை வெளிய எடுங்க, சார்ஜர் எடுங்க' என்று மிரட்டும்போது, ஜிப்பை இழுத்தோமா, தட்டில் வைத்தோமா என்று முடிந்துவிடும். பெட்டியைப் பிளந்து பனியன் கண்காட்சி நடத்த வேண்டியதில்லை. ஜிப் மட்டும் நல்ல ஜிப்பாகப் பாருங்கள். மட்டமான ஜிப்பை ஒரு பால்பாயிண்ட் பேனா முனையால் பிளந்துவிடலாம். நம்பர் பூட்டு அப்படியே பூட்டியிருக்கும், பெட்டி திறந்திருக்கும்!

கடைசியில் நான் வாங்கியது இதில் எதுவும் இல்லை. முதுகில் மாட்டுகிற துணிப்பை. காலியாக 900 கிராம். மல்லாக்க வைத்துப் பெட்டி மாதிரியே சுற்றிலும் ஜிப் திறக்கும். அளவு 50-க்கு 33-க்கு 20. ஒரே அடியில் 2 கிலோ 700 கிராம் லாபம். என் லேப்டாப்பும் சார்ஜரும் 2 கிலோ. துணிமணி 1.6. ஃபைல், சோப்பு, பவர் பேங்க் வகையறா 0.7. பையோடு கூட்டினால் 5.2. பாக்கி 1.8 கிலோ.

இதிலும் குறை இல்லாமல் இல்லை. சட்டை கசங்கும். மடிக்காமல் பாய் மாதிரி சுருட்டி வைத்தால் குறைவாகக் கசங்கும் என்று ஒரு நண்பர் சொன்னார். செய்கிறேன். கசங்குகிறது, ஆனால் குறைவாக. அதைவிட மோசம் கௌரவப் பிரச்னை. பெங்களூரில் முதல் தடவை முதுகுப் பையோடு கம்பெனி வாசலில் நின்றபோது காவலாளி தமிழர் பார்த்துவிட்டு, "எந்த ஃப்ளோர் ஆர்டர் தம்பி? கீழயே வச்சுட்டுப் போங்க" என்றார். அன்றைக்கு ஆடிட் பண்ணப் போன ஆள் நான்! அது முதல், லிஃப்ட்டுக்குள் ஏறியதும் பையை முதுகிலிருந்து இறக்கிக் கையில் பிடித்துக்கொள்கிறேன். பதவி உயர்ந்துவிடுகிறது.

முதுகு வலி உள்ளவர்கள், வீட்டு வாசலில் டாக்ஸி ஏறி, ஹோட்டல் வாசலில் இறங்குகிறவர்கள் இரண்டு சக்கரத் துணிப்பெட்டி வாங்குங்கள். இரண்டு கிலோவுக்கு மேல் இருந்தால் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். எந்த மாடல் என்று என்னைக் கேட்காதீர்கள். தராசைக் கேளுங்கள்.

விதி கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதையும் மறக்கக்கூடாது. திருச்சியிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர் போகிற நம் ஆட்களைக் கேட்டால் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஸ்கூட்டில் கைச்சுமை 10 கிலோ, ஏர் ஏஷியாவில் 7 என்று. 'சிங்கப்பூருக்குப் பத்து விட்டானே' என்று அதே பையை அடுத்த வாரம் வேறு விமானத்துக்கு எடுத்துப் போய் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. ஐரோப்பாவில் இன்னும் கஷ்டம். அங்கே ரயன்ஏர் மாதிரி கம்பெனிகளின் மலிவு டிக்கெட்டில் சீட்டுக்கு அடியில் நுழைகிற சின்னப் பை மட்டும்தான் இலவசம், மேல் அலமாரிக்குத் தனிக் காசு. இந்த மாதிரி வசூலுக்காக ஸ்பெயின் அரசாங்கம் 2024 நவம்பரில் ஐந்து கம்பெனிகளுக்குச் சேர்த்து 179 மில்லியன் யூரோ அபராதம் போட்டது. கம்பெனிகள் கட்டுவோமா என்று கோர்ட்டுக்குக் கிளம்பின. கைப்பை விவகாரம் கோம்பையோடு முடிகிற சின்ன விஷயம் இல்லை!

பைக்குள் என்ன வைக்கலாம் என்பதில் எங்கள் பள்ளத்தாக்கு ஜனங்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. கம்பம் பக்கம் வாசலைத் திறந்தால் தென்னை மரம். ஊருக்குப் போகிறவன் கையில் தேங்காய் கொடுக்காவிட்டால் எங்களுக்குத் தூக்கம் வராது. ஆனால் கொப்பரையை ஏற்ற மாட்டார்கள். அதில் எண்ணெய் ஜாஸ்தி, சூடேறித் தீப்பிடிக்கும் என்று பயம். எண்ணெய் மிதக்கிற மிளகாய் ஊறுகாயைக் கையோடு உள்ளே விடமாட்டார்கள். பவர் பேங்க் நேர் எதிர். அது கையில்தான் இருக்க வேண்டும், சரக்கு அறைக்குப் போகிற பெட்டியில் கூடாது. ஏடிஆரில் 'பெட்டியைக் கீழே போடுகிறோம்' என்று வாங்கினால், கொடுப்பதற்கு முன்னால் பவர் பேங்கை உருவிக்கொள்ளுங்கள். சட்டைப் பையில் ஒரு மஞ்சப் பையை மடித்து வைத்துக்கொண்டால் இப்படி உருவியதைப் போட உதவும். தமிழ்நாடு அரசு 2021-ல் 'மீண்டும் மஞ்சப்பை' என்று கொண்டுவந்ததே, அதேதான். எடை ஐம்பது கிராம் இருந்தால் ஜாஸ்தி. இதற்கு மேல் சாக்கு எடை குறைந்த பை இந்த உலகத்தில் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

பை வாங்கியாயிற்று, எல்லாம் சுபம் என்று இருந்தேன். ஒரு மாசம் கழித்து அம்மா அடுப்படியிலிருந்து கேட்டார்.

"ஏப்பா, அந்தச் சம்படம் எங்க?"

எனக்கு வயிற்றைக் கலக்கியது. முறுக்கை மறப்பார்கள், கருப்பட்டியை மறப்பார்கள். பாத்திரத்தை மறந்த தாயார் தமிழ்நாட்டில் உண்டா? அதுவும் அது அப்பத்தா சம்படம். மூடியில் அப்பத்தா பேரே வெட்டியிருக்கும்.

"பெங்களூர்ல... ரூம்ல இருக்கும்மா."

"போன தடவையும் அதான சொன்ன?"

இரண்டாவது வவுச்சரும் போட முடியவில்லை. சொல்லிவிட்டேன். 9.4, சின்னப் பெண், தரை துடைத்த அம்மா, மூன்று சட்டை எல்லாவற்றையும். அம்மா ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கு முழுக்கப் பேசவில்லை. மறுநாள் காலையில் காபியை வைத்துவிட்டு நின்றார்.

"குடுத்தா குடுத்தேன்னு சொல்ல வேண்டியதுதான? அந்தம்மா வீட்டுப் புள்ளைக தின்னுருக்கும், போகட்டும். கருகிருச்சான்னு நான் எதுக்குக் கேட்டேன்? நல்லாருக்குன்னு சொன்ன. அதை நம்பி அடுத்த தடவையும் அதே பதத்துல சுட்டேன். உங்க சின்னம்மா வீட்டு விசேஷத்துக்கு அம்பது முறுக்கு. ஒருத்தரும் ரெண்டாவது எடுக்கலை!"

இதற்கு நான் என்ன பதில் சொல்வது? கொக்கித் தராசை எடுத்துக் கொடுத்தேன். எப்படி மாட்டுவது, எங்கே எண்ணைப் பார்ப்பது என்று காட்டினேன். மதுரையில் அதே விமான நிலையத்தில் இரண்டு தடவை அந்தத் தரை துடைத்த அம்மாவைத் தேடினேன். கண்ணில் படவில்லை. சம்படம் போனது போனதுதான்.

போன வாரம் மறுபடி பெங்களூரு. விடிகாலை எழுந்து வந்தால், பை கட்டி முடித்துத் திண்ணையில் இருக்கிறது. உள்ளே நாலு துணிப் பொட்டலம். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு, அம்மா கையெழுத்தில். முறுக்கு 600. கருப்பட்டி 500. இட்லிப் பொடி 350. கடலை மிட்டாய் 300.

"சம்படத்துல வைக்கலியா?"

"இன்னொரு சம்படத்தை நிறுத்துப் பார்த்தேன். அதுவே முந்நூத்தி இருவது இருக்கு. சாக்கு எடை நமக்கு எதுக்கு?"

அம்மா கொக்கியைப் பையில் மாட்டி, இரண்டு கையாலும் தூக்கி, கண்ணாடி இல்லாமல் எண்ணைப் பார்க்கக் கண்ணைச் சுருக்கினார். நான் எட்டிப் பார்த்தேன். 6.95.

"இன்னும் அம்பது கிராம் மிச்சம் இருக்கேப்பா... இரு, கொஞ்சம் ஏலக்காய் எடுத்துட்டு வாரேன்."